மாப்பிள்ளை சுட்ட தாம்பாளம்

மணையில் ரைஃபிளை உட்கார வைத்திருந்தார்கள். என் கல்யாணத்தில் என்னை உட்கார வைத்த அதே மணை. சாமந்தி மாலை சுற்றியிருந்தது. எனக்குப் போட்டதைவிட மாலை சற்றுத் தடிமன்தான். அதைப் பற்றி நான் அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.

உத்தனப்பள்ளியில் என் மாமனார் வீடு. ஆவணி மாதத்துக் காலை. வாசலில் சாம்பிராணிப் புகை, உள்ளே மாமியார் லட்சுமம்மா கையில் சந்தனக் கிண்ணம். மாமனார் முனிராஜப்பா சட்டையில்லாமல், இடுப்பில் துண்டோடு, கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன். புது மாப்பிள்ளை, எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கும் வயது.

மாமியார் துப்பாக்கிக் கட்டைக்கு ஒரு பொட்டு வைத்தார். குழலுக்கு மூன்று. குழலின் நுனியில் குறி பார்க்க ஒரு சின்ன இரும்பு மணி நிற்கும், அதன் தலையில் குங்குமத்தைக் குவித்தார். பிறகு குழலின் பின்பக்கம் இருந்த சின்ன வெட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பள்ளம் எதுக்கு மாப்ளே?"

"அது வழியாத்தான் குறி பாக்கணுங்க அத்தை."

"அப்ப இதுதான் கண்ணு."

சொல்லிவிட்டு, கண்ணுக்குக் குறை வைக்கக்கூடாது என்று, வெட்டு நிரம்பச் சந்தனத்தை வழித்து அப்பினார்.

நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் உத்திரத்தைப் பார்த்தார்.

கையில் ஒட்டும் வாசனை

முயலைச் சுடத்தான் அந்த ரைஃபிள். அது ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்லாவிட்டால் நாங்கள் ஏதோ ஜமீன் பரம்பரை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் பக்கத்தில் மார்கழி வந்தால் அவரைக்காய். பெங்களூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து மூட்டை மூட்டையாய் வாங்கிப் போவார்கள். எல்லா அவரையும் ஒன்றல்ல. நல்ல ஜாதி அவரைக்கு 'சொகடு' இருக்கும். கன்னடச் சொல்தான், எல்லையோரம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். தோலில் எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு, அதில் ஒரு வாசனை. காலையில் காய் உரித்தால் ராத்திரி சாப்பிடும்போதும் கை மணக்கும்.

என் மாமியார் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வரும்போது நகையோடு ஒரு கலயம் அவரை விதையும் கொண்டு வந்தார். நகை போன இடம் தெரியவில்லை. விதை மட்டும் வருஷா வருஷம் சாம்பல் கலந்து, கலயத்தில் கட்டி, பரணில் ஏறி, ஆடியில் இறங்கும். யாருக்கும் கொடுக்கமாட்டார். பெற்ற மகள், அதாவது என் மனைவி சரோஜா, கேட்டபோதுகூட, "காய் எத்தினி வேணா தரேன், வெதையக் கேக்காதே" என்றுவிட்டார். விதை வீட்டைவிட்டு வெளியே போனால் அதன் வாசனையும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

அந்த வருஷம் முதல் மழைக்குப் போட்ட விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் முயல் தின்றது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் தின்றது. மூன்றாம் முறை போட்டபோது கலயத்தின் அடி தெரிந்தது. பிறந்த வீட்டில் கேட்கலாம் என்றால், அங்கே அண்ணன்மார் அவரையை விட்டு மல்பெரிக்கு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆக, இந்த உலகத்தில் அந்த அவரை மொத்தமும் இப்போது ஏரிக்கரைக் கொல்லையில், இரண்டு இலையோடு, முயலுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

"இது போச்சுன்னா அவ்ளோதான் மாப்ளே," என்றார் மாமியார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

முயல் தின்ற செடியை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாள் முழுக்க மைக்ரோமீட்டரும் வெர்னியரும்தான் கையில். அந்தப் பார்வையில் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான சாய்வு வெட்டை எங்கள் டூல் ரூமில்கூட நான் பார்த்ததில்லை. பிசிறே கிடையாது. பாஸ் பண்ணிவிடலாம் என்று கை துடித்தது.

பழைய பீரங்கி

அதற்குமுன் மாமனாரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழல்வாயில் கரிமருந்து கொட்டி, ரவை போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற வகை. நிரப்பி முடிப்பதற்குள் முயல் தின்று முடித்து, ஏப்பம் விட்டு, குடும்பத்தோடு கிளம்பியிருக்கும்.

அந்தத் துப்பாக்கியால் முயல் செத்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் சத்தம்! ஒரு வெடி வெடித்தால் ஏரிக்கு அந்தப்பக்கம் மாடு கயிற்றை அறுக்கும். மாமனாரின் புருவம் பொசுங்கும். முயல்கள் பத்துப் பதினைந்து நாள் அந்தத் திசைக்கே வராது. அது துப்பாக்கியே இல்லை, ஒரு பண்டிகை.

அந்தக் குழலில் விரிசல் விழுந்து, ஸ்டேஷனில் ஒப்படைத்தாகிவிட்டது. பிறகு பயிர்ப் பாதுகாப்பு லைசென்சுக்கு மனுப் போட்டு, நடையாய் நடந்து, கடைசியில் வந்து சேர்ந்ததுதான் இந்தப் புது 'பாயிண்ட் டூ டூ' ரைஃபிள். தோட்டா என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மாமனார் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இது மாத்திரையா, தோட்டாவா?"

பக்கத்துக் கொல்லைக்காரர் திம்மப்பா வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் வேலியோரம்தான் நிற்பார். அவர் கொல்லையில் அவருக்கு வேலை இருந்து நான் பார்த்ததில்லை.

"காலைல ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் முயலுக்குக் குடுங்க முனிராஜப்பா," என்றார்.

மாமனாருக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான். மாட்டோடு கன்னடம், என்னோடு தமிழ், அதுவும் மரியாதைத் தமிழ். அன்றைக்கு திம்மப்பாவுக்குக் கிடைத்த தெலுங்கை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

அவருக்கு முயல்மேல் இருந்த கோபம் தனி. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கி வந்து ராகியை மிதித்துவிட்டுப் போனால்கூட, கும்பிட்டு, "சாமி வந்துட்டுப் போச்சு" என்பார். "யானை தின்னா ஊரே வந்து துக்கம் கேக்குது. தாசில்தார்கிட்ட மனுக் குடுக்கலாம். முயல் தின்னுச்சுன்னு சொன்னா சிரிக்கிறானுங்க. சிரிக்கிற நஷ்டத்த எப்பிடித் தாங்குறது, சொல்லுங்க."

நான் வேட்டைக்காரன் ஆன கதை

மாமனாருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. அதனால் லைசென்ஸில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்திருந்தார். என் பெயர் ஏன்? பெண் பார்க்கப் போன அன்று என் சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பையன் காலேஜ்ல என்.சி.சி. துப்பாக்கி எடுத்தான்னா கதை முடிஞ்சுது."

சித்தப்பா சொன்னது முழுப் பொய்யில்லை. துப்பாக்கியை எடுத்தேன். கதையும் முடிந்தது. கேம்ப்பில் ஐந்து குண்டு கொடுத்துச் சுடச் சொன்னார்கள். என் அட்டை பிறந்த மேனியாக அப்படியே இருந்தது. பக்கத்து அட்டைக்காரனுக்கு அன்று பரிசு கிடைத்தது. என் பங்கு இல்லாமல் அவனுக்கு அது கிடைத்திருக்காது என்பது என் நம்பிக்கை.

ஆனால் சித்தப்பா சொன்னதைக் கேட்டபோது மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பளம் என்ன, நிலம் எவ்வளவு என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. சரோஜா எனக்குக் கிடைத்ததில் அந்த ஐந்து குண்டுகளுக்கும் பங்கு உண்டு.

தட்டுக்குப் பரீட்சை

புது ரைஃபிளைச் சுட்டுப் பார்க்காமல் முயல்முன் கொண்டுபோகக் கூடாது. அது எனக்குத் தெரியும். கம்பெனியில் புது கேஜ், அதாவது அளவுக் கருவி, வந்தால் முதலில் சோதனை, அப்புறம்தான் வேலை.

பூஜை போட்ட அன்று சாயங்காலமே ஏரிக்கரை மண்மேட்டுக்கு முன்னால் ஒரு மூங்கில் நட்டு, நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். நான் குப்புறப் படுத்தேன். மாமனார் பக்கத்தில் குந்தினார். திம்மப்பா வேலியோரம்.

ரைஃபிளைத் தோளில் வைத்துக் குறி பார்த்தால் தெரிந்தது பாதி சந்தனம், பாதி உலகம். வெட்டில் வலதுபக்கம் காய்ந்து அடைத்திருந்தது. இடதுபக்கம் கொஞ்சம் உதிர்ந்து, ஒரு சந்து மட்டும் மிச்சம். நுனியில் இருந்த மணியின்மேல் குங்குமம் கோபுரம் கட்டியிருந்தது.

"மாமா, இதக் கொஞ்சம் தொடச்சுட்டா…"

மாமனார் சட்டென்று வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தொடைக்கிறதா? பூஜை போட்ட பொட்டு அதுவா உதுரணும் மாப்ளே. நாம கை வெச்சோம்னு தெரிஞ்சா உங்க அத்தை நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துப் பொட்டு வெச்சுருவா."

எங்கள் கம்பெனியிலும் ஆயுத பூஜை உண்டு. லேத், டிரில்லிங், கேண்டீன் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. ஆனால் அளக்கும் கருவிகள் இருக்கும் அறைக்குள் சந்தனக் கிண்ணத்தோடு யாராவது நுழைந்தால் ஃபோர்மேன் கதவிலேயே மறித்து, பொட்டைக் கதவுக்கு வைத்து அனுப்பிவிடுவார். அதை மாமியாரிடம் எடுத்துச் சொல்லலாம்தான். நீங்கள் சொல்லியிருப்பீர்களா? கையில் நிஜத் துப்பாக்கி இருந்தும், அந்தக் கொல்லையிலிருந்த இரண்டு ஆண்களுக்கும் அந்தத் தைரியம் வரவில்லை.

சரி என்று சுட்டேன். 'டுப்' என்றது. அவ்வளவுதான் சத்தம். சோடாப் பாட்டில் திறந்ததுபோல்.

"ஆச்சா?" என்றார் மாமனார், உண்மையிலேயே தெரியாமல்.

குண்டு தட்டுக்கு இடதுபக்கம் ஒரு சாண், கீழே ஒரு சாண் தள்ளி மண்ணில் புகுந்திருந்தது. அடுத்ததும் அதே இடம். அதற்கடுத்ததும் அங்கேயே, பக்கத்தில் பக்கத்தில், ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கும்படி.

திம்மப்பா சத்தமாகச் சிரித்தார். "மாப்ள தட்டுக்குத் திருஷ்டி சுத்திப் போடறாரு!"

நான் மட்டும் எழுந்து குதித்தேன். தப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்தால் எங்கள் டிபார்ட்மென்டில் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. ஜீரோ எரர் என்போம். கணக்கில் கழித்துக்கொண்டால் தீர்ந்தது. தட்டுக்கு வலதுபக்கம் ஒரு சாண், மேலே ஒரு சாண் தள்ளிக் குறி வைத்தேன்.

டங்!

மறுபடி. டங்!

மாமனார் என் தோளைத் தட்டினார். "என்னா படிப்புங்க உங்க படிப்பு! சாமி குத்தமும் இல்ல, குறியும் தப்பல."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி களியும் கொள்ளுச் சாறும் இருமடங்கு இறங்கின. சரோஜா மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து, "நெஜமாவா சுட்டீங்க?" என்றாள். அவளுக்கு என்னை அதற்குள் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடியல்

முயல் தொல்லை தீரும்வரை நானும் சரோஜாவும் ஓசூர் வீட்டைப் பூட்டிவிட்டு மாமனார் வீட்டில்தான் தங்கியிருந்தோம். நடுவில் ஒரு நாள் வேலைக்குப் போய்விட்டு, செகண்ட் ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் திரும்பினேன். விடியும் முன்பே மாமனார் எழுப்பினார். சாமி அறை வாசலில் சாத்தியிருந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டேன். கிழக்கே வெளுக்கத் தொடங்கும்போது ஏரிக்கரைக் கொல்லை வரப்பில் படுத்துவிட்டோம். எங்களுக்குப் பின்னால், புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாமியாரும் வந்து குந்தினார். "வேணாம், பனி" என்று மாமனார் சொன்னதற்கு, "சும்னிரி" என்று கன்னடத்தில் ஒரே சொல். சும்மா இருங்கள் என்று அர்த்தம். அவர் சும்மா இருந்தார்.

முயல் வந்தது. பெரிய முயல். அவசரமே இல்லை. மளிகைக் கடைக்கு வந்ததுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரச் செடியிலிருந்து வரிசையாக ஆரம்பித்தது. ஒரு செடி. இன்னொரு செடி. அது கடிக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் மாமியாரின் மூச்சு நின்று நின்று வந்தது.

"ம்," என்றார் மாமனார்.

மனப்பாடம் செய்திருந்த கணக்குப்படி முயலுக்கு வலதுபக்கம் ஒரு சாண், மேலே ஒரு சாண். குறி வைத்தேன். இரைந்து மூச்சுவிடாமல் விசையை இழுத்தேன்.

டுப்.

முயல் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் அதற்கு வலதுபக்கம், கொல்லையின் அந்தக் கோடியில், திருஷ்டிக்காகக் குச்சியில் கவிழ்த்து வைத்திருந்த கரும்புள்ளி செம்புள்ளிப் பானை 'படார்' என்று வெடித்துச் சிதறியது. முயல் நின்ற இடத்திலிருந்து ஓர் ஆள் உயரம் எம்பி, காற்றிலேயே திரும்பி, ஏரிக்கரையைத் தாண்டிப் போய்விட்டது.

 வெளிச்சம் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் ரைஃபிளைத் திருப்பிப் பார்த்தேன்.

வெட்டு பளிச்சென்று இருந்தது. மணி பளபளத்தது. ஒரு துளி சந்தனம் இல்லை. கட்டையின் பின்பக்கம் மட்டும், மாட்டு நெற்றியில் வைப்பதுபோல், வட்டமாக ஒரு புதுப் பொட்டு.

"அத்தை… பொட்டு?"

"வெள்ளிக்கெழம இல்லியா? நேத்து சாயந்தரமே வெளக்கு, படம், எல்லாம் தொடச்சேன். அதோட இதையுந் தொடச்சு புதுசா வெச்சேன்," என்றார் மாமியார். "பழைய பொட்டு கண்ண மறைக்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுனது எனக்குக் கேக்கலன்னு நெனச்சீங்களா? எங்கிட்டயே சொல்லியிருந்தா அன்னிக்கே தொடச்சிருப்பேன். நான் வெச்ச பொட்டு, நான் தொடைக்கக் கூடாதா?"

கம்பெனியில் தினமும் ஒருவனுக்காவது நான் சொல்லும் பாடம்: அளக்கும் முன்னால் கருவியைப் பார். கழிக்க வேண்டிய எரர் இன்னும் இருக்கிறதா என்று பார். அன்று என் மாமியார் என் எரரைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். நானோ இல்லாத எரரைக் கழித்து, இருந்த பானையை உடைத்தேன். வேலியோரத்திலிருந்து, அந்த நேரத்திலும், குரல் வந்தது.

"முனிராஜப்பா! பானை செத்துருச்சு! வெட்டிப் பங்கு போடுங்க!"

மாமியார் எழுந்து கொல்லைக்குள் நடந்தார். குனிந்து, முயல் தின்ற செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. என் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். எனக்கு அந்தப் பானைத் துண்டுகளோடு மண்ணில் கலந்துவிடலாம் போலிருந்தது.

டங்

யோசனை மாமனாருடையது. வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"மாப்ளே, அந்த முயல் துப்பாக்கிக்குப் பயப்படல. பானைக்குத்தான் பயந்துச்சு."

"ஆமாங்க மாமா."

"உங்களுக்கு முயல அடிக்க வருதோ இல்லியோ, தட்டு அடிக்க வருது."

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே கொல்லையில் அங்கங்கே மூங்கில் நட்டு, மண்மேடு பின்னால் இருக்கும்படி பார்த்து, அலுமினியத் தட்டுகளைத் தொங்கவிட்டோம். முயல் செடிப்பக்கம் வந்தால் அதற்கு மிக அருகில் இருக்கும் தட்டைச் சுட வேண்டியது. அவ்வளவுதான் வேட்டை. ஆடாமல் அசையாமல் தொங்குவதைச் சுடுவதில் எனக்கு ஒரு கைவாகு வந்துவிட்டிருந்தது. இப்போது கணக்கும் தேவையில்லை. நேரே குறி, நேரே அடி.

டங்! முயல் பறந்தது.

திம்மப்பா நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "தட்டுல சத்தம் வரணும்னா ஒரு கல்ல எடுத்து அடிச்சாப் போதுமே. இதுக்கு ஒரு ரைஃபிளா?"

"கல்லுக்கு லைசென்ஸ் குடுப்பானா உனக்கு?" என்றார் மாமனார். அத்தோடு பேச்சு முடிந்தது. அதில் என்ன நியாயம் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் அலுமினியத் தட்டுகள் சல்லடையாகிச் சத்தம் செத்துவிட்டது. ஓட்டைத் தட்டில் குண்டு பட்டால் 'சக்' என்கிறது. முயல்கள் நெருங்கி வரத் தொடங்கின. கொடி இன்னும் முழங்கால் உயரம்கூட எட்டவில்லை. தண்டு முற்றும்வரை இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது, மூங்கிலில் பளபளவென்று ஒரு பித்தளைத் தாம்பாளம் தொங்கியது. கனமானது, விளிம்பில் பூவேலை. மாமியாரின் கல்யாணச் சீர்.

"அத்தை, இதுவா? நசுங்கிப் போயிருமே!"

"நசுங்கட்டும் மாப்ளே. தாம்பாளம் கடையில கெடைக்கும்."

சரோஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள், "என் கல்யாணத்துக்கு இந்தத் தாம்பாளத்தக் கேட்டேன். தரமாட்டேன்னாங்க."

ஒரு வேலை செய்தேன். முதல் குண்டு சுடும்முன் கையைத் துடைத்துக்கொண்டேன். வெட்டைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன், கம்பெனியில் செய்வதுபோல் இன்னொரு தடவையும் பார்த்தேன். அந்தத் தாம்பாளத்தின் சத்தம் கோயில் மணிமாதிரி ஏரி முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஊரில் இரண்டொருவர் எந்தக் கோயிலில் பூஜை என்று விசாரித்தார்களாம்.

காலையில் தாம்பாளம், பிறகு பஸ், கம்பெனி. மாலையில் பஸ், மறுபடி தாம்பாளம். செகண்ட் ஷிப்டைப் பகல் ஷிப்ட் ஆட்களிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். கேண்டீனில், "முயல் மாட்டுச்சா?" என்று கேட்பார்கள். "இல்ல, தட்டு மாட்டுச்சு" என்பேன். எனக்கு மூளை பிசகிவிட்டதாக ஒரு பேச்சு கொஞ்ச நாள் இருந்தது. மறுத்துப் பேச ஆதாரம் என்னிடம் இல்லை.

ஒரு முயல்கூடச் சாகவில்லை என்பதை இங்கே கூச்சத்தோடு பதிவு செய்கிறேன். கொடி மட்டும் ஏறியது. தண்டு முற்றி, இலை தடித்து, முயலுக்குப் பல் கூசும் வயதை எட்டியது. ஐப்பசியில் ஊதாப்பூ விட்டது.

கலயம்

மார்கழியில் முதல் காய் பறித்த அன்று மாமியார் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பருப்பைப் பிதுக்கிக் குழம்பு வைத்து, என் இலையில் மட்டும் மூன்று முறை ஊற்றினார். எங்கள் பக்கத்து மாமியார்கள் மாப்பிள்ளையோடு அதிகம் பேசமாட்டார்கள். கரண்டிதான் பேசும்.

தை கடந்து விதை காய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓசூருக்குக் கிளம்பும்போது, கையில் ஒரு சின்னக் கலயத்தோடு வாசலுக்கு வந்தார். வாய்க்கட்டுத் துணி புதுசு. சரோஜா கை நீட்டினாள். மாமியார் அவளைத் தாண்டி என்னிடம் கொடுத்தார்.

"ஒரே எடத்துல எல்லாத்தையும் போட்டதுதான் தப்பு. பாதி உங்ககிட்ட இருக்கட்டும்."

"வெளிய குடுத்தா வாசனை போயிரும்னு சொல்லுவீங்களே அத்தை?"

"போனாப் போவுது. வெதையே போயிருந்தா?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "போவாதுன்னுதான் நெனைக்கிறேன். பாக்கலாம்," என்றார்.

ஓசூரில் எங்களுக்கு இருந்தது ஒரு லைன் வீடு. நிலம் என்றால் மொட்டை மாடியும், கம்பெனியிலிருந்து காலியாக வாங்கி வந்த கிரீஸ் டின்களும்தான். மண் நிரப்பி ஆடியில் விதை ஊன்றினோம். மாடிக்கு முயல் வராது. குரங்கு வந்தது. அதை நானும் சரோஜாவும் முறை வைத்துத் துரத்தினோம். அந்தச் சண்டையில் பெரும்பாலும் குரங்குதான் ஜெயித்தது. என்றாலும் இரண்டு டின் கொடி கைப்பிடிச் சுவரில் படர்ந்து காய்த்தது.

மார்கழியில் ஒரு நாள் மாமனாரும் மாமியாரும் பஸ் ஏறி வந்தார்கள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாமியார் மாடிப்படி ஏறினார். நாங்கள் மூவரும் பின்னாலேயே ஏறினோம். தூரத்தில் கம்பெனிச் சங்கு ஊதியது. அவர் ஒரு காயைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

மாமனார் உத்திரத்தைப் பார்க்கும் பழக்கத்தில் வானத்தைப் பார்த்தார். நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா அவள் அம்மாவின் மூக்கைப் பார்த்தாள்.

மாமியார் இன்னொரு முறை முகர்ந்தார்.

"சொகடு இருக்குது," என்றார். "கொஞ்சம் கிரீஸ் வாசனையும் சேந்து வருது. பரவால்ல. இது ஓசூர் அவரை."